சனிக்கிழமைத் தண்ணீர்

செலினா கார்பட் நீந்துவதை ராம்ஸ்விக் ஊரின் பெண்கள் எல்லோரும் பார்த்திருந்தார்கள். ஆண்களில் ஒருவரும் பார்த்ததில்லை. அவள் புருஷன் எனோக்கும் அந்த ஆண்களில் ஒருவன்தான். இதில் வேடிக்கை என்னவென்றால், அவள் நீந்துகிற குளத்துக்குக் கடலிலிருந்து தண்ணீர் விடுகிறவன் அவன். அதைச் சூடாக்குகிறவனும் அவன். ராம்ஸ்விக் பொதுக் கடல்நீர்க் குளியல் கூடத்தின் மேற்பார்வையாளர் என்று பித்தளைப் பொத்தான் வைத்த கோட்டு போட்டுக்கொண்டு வாசலில் நிற்கிறவனும் அவனே.

கூடம் கட்டி நாற்பது வருஷம் ஆகியிருந்தது. அதற்கு முன்னால் இந்த ஊரில் பெண்கள் கடல் குளிப்பதென்றால், சக்கரம் வைத்த ஒரு மரப்பெட்டிக்குள் ஏறிக்கொள்ள வேண்டும். குதிரை அந்தப் பெட்டியைத் தண்ணீருக்குள் இழுத்துக்கொண்டு போகும். அங்கே தடித்த கையுள்ள ஒருத்தி இடுப்பளவு நீரில் காத்திருந்து, இறங்குகிறவளைக் கழுத்தைப் பிடித்து மூன்று முக்கு முக்கி எடுப்பாள். மூட்டுவலிக்கு நல்லது என்று டாக்டர்கள் சொன்னார்கள். வடகடலின் குளிரில் அப்படி முங்கி எழுந்தவளுக்கு மூட்டு இருப்பதே மறந்துபோகும் என்பது உண்மைதான். பிறகு ஒரு கம்பெனி வந்து, கடலோரப் பாறையை வெட்டிக் குளம் கட்டி, கூரை போட்டு, கொதிகலன் வைத்து, நொடித்துப் போனது. நகரசபை அதை அடிமாட்டு விலைக்கு வாங்கியது. வாங்கிய கையோடு சட்டமும் போட்டது.

வாரத்துக்கு ஒரு தடவைதான் புதுத் தண்ணீர். திங்கட்கிழமை கடல் ஏறும்போது மடையைத் திறந்து நிரப்புவார்கள். அன்றைக்குக் கட்டணம் ஆறு பென்ஸ். வங்கிக்காரரும் வக்கீலும் கவுன்சிலர்களும் வந்து குளிப்பார்கள். அடுத்த நாள் மூன்று பென்ஸ், கடைக்காரர்கள். அவர்கள் ஊறிய பிறகு புதன்கிழமை பெண்கள். வியாழக்கிழமை மறுபடி ஆண்கள், வெள்ளி மறுபடி பெண்கள். சனிக்கிழமை ஒரு பென்னிக்கு மீன்கூடைக்காரர்களும் கரி சுமப்பவர்களும். அதற்குள் தண்ணீர் பட்டாணி சூப்பு மாதிரி ஆகியிருக்கும். ஆக, ராம்ஸ்விக்கில் ஒரு பெண் எவ்வளவு பெரிய வீட்டுக்காரியாக இருந்தாலும் அவளுக்குக் கிடைத்தது வங்கிக்காரர் குளித்த மிச்சம்தான். இந்தச் சட்டத்தை எழுதிய கனவான்கள் ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தில் முதல் வரிசையில் உட்காருவார்கள்.

பெண்கள் நேரத்தில் எந்த ஆணும் கூடத்துக்குள் கால் வைக்கக்கூடாது, மேற்பார்வையாளர் உட்பட. அந்த நேரத்தில் அவன் மனைவிதான் அங்கே மேட்ரன். துண்டு கொடுப்பதும் நீச்சல் கற்றுக்கொடுப்பதும் அவள் வேலை. எனோக் கொதிகலன் அறையில் கரி அள்ளிப் போட்டுக்கொண்டிருப்பான். சுவருக்கு அப்பால் தண்ணீர் அடிபடும் சத்தம் கேட்கும். திடீரென்று எல்லாம் அடங்கும். பிறகு எல்லாப் பெண்களும் ஒன்றாகக் கைதட்டுவார்கள். செலினா என்னவோ செய்து காட்டியிருக்கிறாள். என்ன செய்தாள் என்று அவனுக்குத் தெரியாது.

கேட்டிருந்தால் காட்டியிருப்பாள். அவன் கேட்கவில்லை. கல்யாணமான புதிதில் அவளைக் கடலுக்குக் கூட்டிப் போய், வயிற்றைத் தாங்கிப் பிடித்துக் கை வீசச் சொல்லிக்கொடுத்தவன் அவன். அவன் கையை விட்டு அவள் தானாக நீந்தத் தொடங்கியது கூடத்துக்குள்தான். தான் கொடுத்ததைத் தானே போய்க் கேட்பதா என்று ஒரு வீம்பு. மீன் சுடுகிற ஜெத்ரோ பிரிம் ஒருநாள் மதுக்கடையில், "உம் பொண்டாட்டி தண்ணிக்குள்ள போனா மீனே வழி விடுமாமே, எம் பொண்டாட்டி சொல்றா," என்றபோது எனோக், "எல்லாம் நான் சொல்லிக்குடுத்ததுதான்," என்று சொல்லிவிட்டுக் குவளையை வாயில் கவிழ்த்துக்கொண்டான். உள்ளே ஏதோ புகைந்தது. ஜெத்ரோவின் பெண்டாட்டி பார்த்ததை அவன் பார்க்கவில்லை.

அந்தக் கோடையில் கிராப்ட்ரீ வந்தார்.

லயனல் கிராப்ட்ரீ மலைப்பக்கத்து மில் ஊர் ஒன்றிலிருந்து ஓய்வுக்கு வந்தவர். வெள்ளைச் சராய், ஓலைத் தொப்பி, மெழுகு வைத்த மீசை. நீச்சல் என்றால் உயிர் என்று சொல்லிக்கொண்டார். திங்கட்கிழமை ஆறு பென்ஸ் கொடுத்துக் குளித்தார், செவ்வாயும் குளித்தார். புதன்கிழமை பெண்கள் நேரம் முடிந்து செலினா துண்டுகளை உலர்த்த வெளியே வந்தபோது, தொப்பியைக் கழற்றிக்கொண்டு அவளிடம் பேச நின்றுவிட்டார். எனோக் கரித் தூசியோடு ஜன்னல் வழியாகப் பார்த்தான். அவன் பெண்டாட்டி சிரித்தாள். ஈரத் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு கையை நீட்டி, மடக்கி, காற்றில் நீந்திக் காட்டினாள்.

இத்தனை வருஷத்தில் அவனுக்குக் காற்றில்கூடக் காட்டியதில்லை.

மறுநாள் எனோக் மீன்கடையைத் தாண்டும்போது ஜெத்ரோ கூப்பிட்டான்.

"என்னப்பா எனோக், உங்க வீட்டம்மா பாண்டு மேடைப் பக்கம் புது ஆளோட ஒக்காந்து பேசிக்கிட்டிருக்கு?"

"குளத்தப் பத்திப் பேசுவாங்க."

"ஆமாமா. குளத்தப் பத்திப் பேசத்தான் ஒரு மணி நேரம் ஆகும். பெரிய குளமாச்சே."

கடையில் நின்றவர்கள் சிரித்தார்கள். வெறும் வாயை மென்றுகொண்டிருந்த ஊருக்கு அவல் கிடைத்துவிட்டது.

அன்று ராத்திரிச் சாப்பாட்டில் எனோக் சுட்ட ஹெர்ரிங் மீனின் முள்ளை ஒவ்வொன்றாக எடுத்துத் தட்டின் ஓரத்தில் அடுக்கினான். பேச்சை எப்படித் தொடங்குவது என்று தெரியாதபோது அவன் இப்படித்தான் மீனை வதைப்பான்.

"அந்தக் கிராப்ட்ரீக்கு என்னவாம் செலி?"

"எந்தக் கிராப்ட்ரீ?"

"ஊர்ல எத்தன கிராப்ட்ரீ மேயுறான்?"

"ஓ, அவரா. கூடத்தப் பத்தி விசாரிச்சாரு. பொம்பளைங்களுக்கு எப்படிச் சொல்லிக்குடுக்கிறேன்னு கேட்டாரு."

"கூடத்துக்கு மேற்பார்வையாளர் நான்ல. என்கிட்ட கேக்க வேண்டியதுதானே?"

"கேப்பாரு. சனிக்கிழமை போட்டிக்கு வர்றாரு. அப்ப எல்லாத்தையும் பாப்பாரு." சொல்லிவிட்டு ரொட்டியை வெட்டினாள். வெட்டும்போது உதட்டோரம் ஒரு சிரிப்பு வந்து போனது. எதையோ வாய்க்குள் ஒளித்து வைத்திருக்கிறவளின் சிரிப்பு அது. எனோக்குக்கு அதற்கு மேல் மீன் இறங்கவில்லை.

சனிக்கிழமை போட்டி என்பது அந்த வருஷம் சாதாரண விஷயமில்லை. கூடத்தின் சரித்திரத்தில் முதல் தடவையாக ஆண்களும் பெண்களும் ஒரே நாளில், ஒரே குளத்தில், ஒருவர் பார்க்க ஒருவர் நீந்தலாம் என்று நகரசபை அனுமதித்திருந்தது. இதற்காக மூன்று கூட்டம் போட்டார்கள். பெண்கள் கழுத்திலிருந்து முழங்கால் வரை கறுப்புக் கம்பளி உடை போட வேண்டும். ஆண்கள் குளத்துக்கு மேலே இருந்த பார்வையாளர் மாடத்தின் இடது பக்கம்தான் உட்கார வேண்டும். இடது பக்கம் உட்கார்ந்தால் மனசு சுத்தமாக இருக்கும் போலிருக்கிறது. போட்டி நாளுக்காக மட்டும் குளத்தைக் காலி செய்து தேய்த்துக் கழுவிப் புதுத் தண்ணீர் நிரப்புவது வழக்கம். வெள்ளிக்கிழமை சாயந்திரம் கடல் வற்றும்போது வடிகாலைத் திறந்துவிட்டால், மறுநாள் முற்பகல் கடல் ஏறும்போது நிரப்பிக்கொள்ளலாம்.

இந்த விஷயத்தில் எனோக்கை யாரும் குறை சொல்ல முடியாது. அவன் தண்ணீர் அப்படி. கடல் ஏறும் முதல் அலையை உள்ளே விடமாட்டான், மணல் கலந்திருக்கும். நடு ஏற்றத்தில் மடை திறந்து, மூன்று சல்லடை வழியாக விடுவான். அவன் நிரப்பிய குளத்தில் எட்டடி ஆழத்தில் கிடக்கும் ஊசியை மேலே நின்றபடியே நூல் கோர்க்கலாம் என்று ஊர் சொல்லும். கொஞ்சம் கூடுதல்தான், ஆனால் ஊர் சும்மா சொல்லாது.

வெள்ளிக்கிழமை பெண்கள் நேரம் முடிந்தது. கடல் வற்றிக்கொண்டிருந்தது. எனோக் வடிகாலைத் திறக்கும் இரும்புச் சக்கரத்தில் இரண்டு கையையும் வைத்தான்.

வைத்தவன் திருப்பவில்லை. நாளை நடக்கப்போவது கண் முன்னால் வந்தது. கண்ணாடி மாதிரித் தண்ணீர். அதில் செலினா. மாடத்தில் முதல் வரிசையில் வெள்ளைச் சராய்க்காரன் மீசையை முறுக்கிக்கொண்டு, அவள் கை எங்கே போகிறது, கால் எங்கே போகிறது என்று ஒன்று விடாமல் பார்ப்பான். அவன் பக்கத்தில் ஜெத்ரோ. அவன் பக்கத்தில் வக்கீல். கட்டின புருஷன் அந்தக் கும்பலில் ஒரு ஆளாக, கடைசியில் நின்று, முதல் தடவை பார்க்க வேண்டும். அதுவும் தான் சல்லடை போட்டு வடிகட்டிக் கொடுத்த தண்ணீரில். அவன் வயிறு எரிந்தது. அந்த எரிச்சலில் ஒரு கொதிகலனையே சூடாக்கியிருக்கலாம்.

வரட்டும் அந்தப் பயல். வந்து சூப்பைப் பார்த்துவிட்டுப் போகட்டும். எனோக் சக்கரத்திலிருந்து கையை எடுத்து, கோட்டில் துடைத்துக்கொண்டு வீட்டுக்குப் போனான்.

மறுநாள் காலை காகிதக் கொடிகளோடு கூடத்துக்குள் வந்த செலினா குளத்தைப் பார்த்து நின்றுவிட்டாள். வாரம் முழுக்க ஊர் குளித்த தண்ணீர் அப்படியே கிடந்தது. வெளியே கடல் ஏறத் தொடங்கிவிட்டது. இனி வடிகாலைத் திறந்தாலும் வடியாது.

"என்ன ஆச்சு எனோக்?"

"வடிகால் சக்கரம் இறுகிக்கிச்சு. அசைஞ்சு குடுக்கல."

"இத்தன வருஷமா இறுகாதது இன்னிக்கா இறுகணும்?"

"இரும்பு. அதுக்கு நாளும் கிழமையும் தெரியுமா?"

அவள் அவன் கைகளைப் பார்த்தாள். இறுகிய சக்கரத்தோடு மல்லுக்கட்டிய கையில் எண்ணெய்க் கறை இருக்கும், தோல் உரிந்திருக்கும். அவன் கை சுத்தமாக இருந்தது. அவள் கொடிகளைக் கட்டப் போய்விட்டாள். முகம் மட்டும் வெளிறிப்போயிருந்தது. தன் ஆசைக்காரன் பார்க்க முடியாதே என்று வெளிறுகிறாள் என எனோக் எடுத்துக்கொண்டான். அது அவனுக்குப் பெரிய திருப்தியாக இருந்தது.

நாலு மணிக்குப் பாண்டு வாசித்தார்கள். மாடம் நிரம்பி வழிந்தது. வேகப்போட்டி நடந்தது, தண்ணீருக்கு மேலே தலை மட்டும் தெரிந்ததால், பூசணிக்காய்கள் மிதந்து போவது போலத்தான் இருந்தது. வாயில் கரண்டியும் கரண்டியில் முட்டையுமாக ஒரு போட்டி. பிறகு எல்லோரும் காத்திருந்த தட்டுப் போட்டி. இருபது வெள்ளைத் தட்டுகளைக் குளத்தில் வீசிவிடுவார்கள். ஒரே மூச்சில் முங்கி, அடியிலிருந்து எத்தனை எடுத்து வருகிறாரோ அத்தனை. வருஷா வருஷம் எனோக் ஜெயிக்கிற போட்டி அது.

தட்டுகள் விழுந்தன. விழுந்த நொடியே மறைந்துபோயின. மாடத்தில் சலசலப்பு.

ஜெத்ரோ முங்கி நாலு தட்டோடு வந்து இருமினான். "உள்ள இருட்டுக்கசம்யா. என் கையே எனக்குத் தெரியல," என்றான். எனோக் முங்கினான். தெளிந்த தண்ணீரில் ஒரு பார்வை பார்த்து, கோழி தானியம் பொறுக்குவது போலப் பொறுக்குகிறவன், கண்ணைத் திறந்தால் பச்சையும் பழுப்பும் தவிர ஒன்றுமில்லை. அங்கே ஒன்று, இங்கே ஒன்று தடவி ஏழோடு மேலே வந்தான். பரவாயில்லை, அதுவரை ஏழுதான் அதிகம்.

கடைசியாக செலினா. படியில் நின்று மூச்சை இழுத்தாள். சத்தமே இல்லாமல் உள்ளே போனாள். தண்ணீர் மூடிக்கொண்டது.

மாடம் எட்டிப் பார்த்தது. பார்ப்பதற்கு ஒன்றுமில்லை. கொஞ்ச நேரம் போனது. ஜெத்ரோ வந்திருக்க வேண்டிய நேரம் போனது. எனோக் வந்திருக்க வேண்டிய நேரமும் போனது. எனோக் குளத்தின் விளிம்புக்கு ஓடி வந்தான். எந்தப் பக்கம் இருக்கிறாள் என்றே தெரியவில்லை. எங்கே என்று குதிப்பான்? அடிவரை தெரிகிற தண்ணீரை நேற்றே விட்டிருக்கலாம். "செலி," என்றான். அது அவனுக்கே கேட்கவில்லை. முங்குவதற்குக் குனிந்தான்.

குளத்தின் மறுகோடியில் தண்ணீர் பிரிந்தது. செலினாவின் தலை வந்தது. நெஞ்சோடு அணைத்த தட்டுகள், இருபதும். எல்லாவற்றுக்கும் மேலே இருந்த தட்டில் இன்னொரு பொருளும் இருந்தது. அவள் அதை விளிம்பில் வைத்தாள். யாரோ ஒரு திங்கட்கிழமைக் கனவானின் பல் செட்டு. இடது பக்க மாடத்தில் ஒரு கவுன்சிலர் சட்டென்று கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

கூரை பிளக்கிற மாதிரிக் கைதட்டல். ராம்ஸ்விக் பெண்கள் மட்டும் ஆச்சரியப்படவில்லை. வாரா வாரம் மிச்சத் தண்ணீரில் அவர்கள் தொலைத்த கொண்டை ஊசியையும் மோதிரத்தையும் கையால் தடவித் தடவி எடுத்துக் கொடுத்தவள் அவள். வெள்ளிக்கிழமைத் தண்ணீரில் நீந்தப் பழகியவளுக்குச் சனிக்கிழமைத் தண்ணீர் என்ன செய்யும்? எனோக் அவளுக்கு வைத்த குழியில் அவள் தட்டுப் பொறுக்கிக்கொண்டு வந்துவிட்டாள். அவள் எப்படி நீந்தினாள் என்று கிராப்ட்ரீயும் பார்க்கவில்லை, எனோக்கும் பார்க்கவில்லை. அன்றைக்கும் அவனுக்குக் கைதட்டல்தான் கேட்டது.

கூட்டம் கலைந்தபோது அவன் கண் ஒரே இடத்தில் இருந்தது. கிராப்ட்ரீ குனிந்து ஒரு டம்ளரில் குளத்துத் தண்ணீரை மொண்டு, வெளிச்சத்துக்கு நேரே பிடித்தார். செலினாவிடம் ஏதோ கேட்டார். அவள் எனோக் நின்ற பக்கம் ஒரு தடவை திரும்பிப் பார்த்தாள். பிறகு ஒரே ஒரு வார்த்தை சொன்னாள். அவர் தலையசைத்தார். கை குலுக்கிவிட்டுப் போனார்.

அந்த ஒரு வார்த்தை என்ன? கூடத்தைப் பூட்டும்வரை அது எனோக்கின் தொண்டையில் முள்ளாக நின்றது. செலினா படியில் உட்கார்ந்து தலையைத் துவட்டிக்கொண்டிருந்தாள். அவன் போய் எதிரே நின்றான்.

"அந்தாளு டம்ளரத் தூக்கிப் பிடிச்சுக்கிட்டு உன்கிட்ட என்ன கேட்டான்?"

"அத அப்புறம் சொல்றேன். மொதல்ல இதக் கேளு. அவங்க ஊர்ல புதுசா குளியல் கூடம் கட்டியிருக்காங்க. அவருதான் அந்தக் கமிட்டிக்குச் செயலாளர். அதுக்கு மேற்பார்வையாளரும் மேட்ரனுமா புருஷன் பொண்டாட்டி ஒரு ஜோடி தேடுறாங்க."

எனோக் கையிலிருந்த சாவியைக் கோட்டுப் பையில் போட்டான்.

"பொம்பளைங்களுக்குன்னு அங்க தனிக் குளம் எனோக். சின்னதுதான். ஆனா தனித் தண்ணி. எலி வளையானாலும் தனி வளை. யாரோட மிச்சத்துலயும் எறங்க வேண்டாம். நானே அவருகிட்டப் பேசி, உன்னப் பத்திச் சொல்லி, வந்து பாருங்கன்னேன்."

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"போன தடவ வேற ஊர்ல வேல கேட்டு இல்லன்னுட்டாங்க. நீ மழைக்காலம் முழுக்க மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிட்டுத் திரிஞ்ச. இந்தத் தடவ கையில கிடைச்ச பிறகு சொல்லலாம்னு இருந்தேன். நான் சொல்லிக்குடுக்கிறத அவரு கேட்டே தெரிஞ்சுக்கிட்டாரு. இன்னிக்கு அவரு பாக்க வந்தது என்னைய இல்ல. உன் தண்ணிய."

கொதிகலனில் கடைசிக் கரி சரிந்து விழும் சத்தம் கேட்டது. எனோக் படியில் உட்கார்ந்தான்.

"இப்ப என்ன சொல்றாரு?"

"மேட்ரன் வேல எனக்குத்தானாம். மேற்பார்வைக்கு வேற ஆளு பாப்பாங்களாம். நீ வர்றதுன்னா கரி அள்ளுற வேல இருக்காம். நான் சரின்னுட்டேன்."

"சரின்னுட்டியா."

"ம். நீ வந்தாலும் போறேன், வராட்டியும் போறேன்."

அவன் குனிந்து குளத்துத் தண்ணீரை ஒரு கை அள்ளிப் பார்த்தான். பிறகு கேட்டான்: "டம்ளர்?"

"இங்க தண்ணி எப்பவுமே இப்படித்தானான்னு கேட்டாரு."

"நீ என்ன சொன்ன?"

"ஆமான்னேன்."

அவன் அடிபட்டவன் போல நிமிர்ந்தான். "ஏன் செலி? என் தண்ணியப் பத்தி உனக்குத் தெரியாதா?"

"தெரியும். இல்லன்னு சொன்னா இன்னிக்கு மட்டும் ஏன்னு கேப்பாரு. எம் புருஷன் உங்களப் பாத்துப் பொறாமப்பட்டு வேணும்னே செஞ்சான்னு சொல்லவா? பொறாமக்காரன்னு பேர் வாங்குறதுக்கு வேல தெரியாதவன்னு பேர் வாங்கிட்டுப் போகட்டும்னு நெனச்சேன்."

"அதையே சொல்லியிருக்கலாம். பொறாமக்காரன்னே சொல்லியிருக்கலாம்."

"அப்ப நீயே போய்ச் சொல்லு," என்றாள் செலினா. "திங்கக்கெழம மத்தியான வண்டிக்குத்தான் போறாரு. உள்ளதச் சொன்னா அந்த வேல இன்னும் உனக்குத்தான் கெடைக்கும். நல்ல மனுஷன் அவரு."

நல்ல மனுஷன் என்று அவள் சொல்லாமல் இருந்திருக்கலாம்.

திங்கட்கிழமை மத்தியானம் வண்டி ஊதியபோது எனோக் மடையில் நின்று, மூன்று சல்லடை போட்டுப் புதுத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தான். ஸ்டேஷன் கூப்பிடு தூரம்தான். போயிருக்கலாம். ஆனால் அந்த மீசைக்கு எதிரே நின்று, உன்னைப் பார்த்து என் வயிறு எரிந்தது என்று சொல்வதை நினைத்தாலே அவனுக்கு மறுபடியும் வயிறு எரிந்தது.